யூனிட் கணக்கில் வராத கடன்

எங்கள் வீட்டு மின்மீட்டர் முன்பணம் கட்டுகிற வகை. கடையில் காசு கொடுத்தால் 20 இலக்க எண் ஒன்று தருவார்கள். அதை மீட்டரில் தட்டினால் யூனிட் ஏறும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் இப்படி எத்தனையோ வீடுகள். யூனிட் தீரப்போகிறது என்றால் முதலில் கீசரை அணைக்க ஓடுவோம். யூனிட்டைத் தின்கிற பூதம் கீசர்தான் என்பது இந்த நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

போன மாதம் என் மகள் பள்ளியில் சுற்றுச்சூழல் பாடம் படித்துவிட்டு வந்து, "அம்மா, லைட் போடுறது தப்பா?" என்று கேட்டாள். நான் யோசிப்பதற்குள் ஆயா பதில் சொல்லிவிட்டார். என் கணவரின் பாட்டி அவர்; இங்கே தமிழ் வீடுகளில் பாட்டியை ஆயா என்றுதான் அழைப்பார்கள். "காசு கட்டித்தானே போடுறோம், அப்புறம் யாருக்கு என்ன பாக்கி?" என்றார்.

ஆயா விட்டேற்றியாகச் சொன்னாலும் அது சரியான கேள்வி. காசு கட்டிய பிறகும் பாக்கி இருக்கிறதா, இருந்தால் யாருக்கு? தனிமனிதச் சூழல் அறம் என்று பெரிய பெயர் வைத்துப் பேசுகிற விஷயம் முழுக்க இந்த ஒரு கேள்விக்குள் அடங்கும். 'இது செய்யலாமா' என்று பார்ப்பது சட்டம். 'விலை கொடுத்தாயா' என்று பார்ப்பது சந்தை. என் வசதிக்கான செலவை வேறு யாராவது சுமக்கிறார்களா, அவர்களைக் கேட்டுத்தான் சுமத்தினோமா என்று பார்ப்பது அறம். தமிழில் இதற்குத் தோதான ஒரு சொல் உண்டு: கடன். வாங்கியதைத் திருப்பித் தர வேண்டியதும் கடன், செய்தே தீர வேண்டிய பொறுப்பும் கடன். (வேண்டாவெறுப்பாகச் செய்வதையும் 'கடனே என்று' என்கிறோம். நம் ஆட்கள் மனித மனதைத் தெரிந்துதான் சொல் செய்திருக்கிறார்கள்.)

சரி, கணக்கைப் பார்ப்போம். 150 லிட்டர் கீசரில் 20 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடேற்ற ஏறக்குறைய 7 யூனிட் வேண்டும். இது இயற்பியல், எந்த ஊரிலும் மாறாது. மாறுவது அந்த 7 யூனிட் எங்கிருந்து வருகிறது என்பது. தென்னாப்பிரிக்காவின் மின்சாரத்தில் பத்தில் எட்டுப் பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. அரசு மின்நிறுவனமான எஸ்காமின் அனல்மின் நிலையங்களில் ஒரு யூனிட்டுக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக நிலக்கரி எரிகிறது. அப்படியானால் முழுக்க நிலக்கரி மின்சாரத்தில் ஒருமுறை கீசரைச் சூடாக்க ஏறக்குறைய 4 கிலோ. இங்கே மின்நிலையங்களுக்குப் போவது சாம்பல் அதிகமுள்ள மட்டமான நிலக்கரி; அதனால் அந்த 4 கிலோவில் ஒரு கிலோவுக்கு மேல் சாம்பலாக மிஞ்சும். நிலையத்தில் ஆவியாகிப் போகும் தண்ணீர் பத்து லிட்டர் அளவு. காற்றில் கலக்கும் கரியமில வாயு 7 கிலோ.

மகளிடம் இதைச் சொன்னபோது அவள் கரியமில வாயுவைப் பற்றி அலட்டிக்கொள்ளவில்லை, அது கண்ணுக்குத் தெரியாதே. "நாலு கிலோ கரியை நம்ம வீட்டு வாசல்ல கொட்டினா தினமும் யாரும்மா அள்ளுவா?" என்றாள். அதுதான் விஷயம். அது நம் வாசலில் கொட்டப்படுவதில்லை. வேறொருவர் வாசலில்.

அந்த வாசலை நான் பார்த்திருக்கிறேன். நான் பிறந்தது நெய்வேலிக்குப் பக்கத்து ஊர். சுரங்கம் பார்த்துப் பழகிய கண். அங்கே பழுப்பு நிலக்கரி, இங்கே கருப்பு. மற்றபடி மண்மேடு மண்மேடுதான். மூன்று வருடத்துக்கு முன், நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த மிடல்பர்க்கில் என் கணவரின் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக் காரில் போனோம். லேடிஸ்மித் வரை ஒரு சாலை, அப்புறம் வடக்கே திரும்பும் என்-11 நெடுஞ்சாலை. அது நியூகாசில், வோல்க்ஸ்ரஸ்ட், எர்மெலோ வழியாகப் போகிறது.

இந்தப் பாதை நம்மவர்களுக்குப் புதிதல்ல. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்திறங்கியவர்கள் கரும்புத் தோட்டத்துக்குப் போனார்கள். பிறகு வந்தவர்களில் பலரை வடக்கு நேட்டாலின் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு அனுப்பினார்கள். என் கணவரின் முன்னோர் ஒருவர் டண்டி பக்கத்தில் நிலக்கரி தோண்டியவர். 1913 அக்டோபரில் நியூகாசில் சுரங்கத் தொழிலாளர்கள், ஒப்பந்தம் முடிந்தவர்கள் மேல் போட்டிருந்த 3 பவுண்டு வரியை எதிர்த்து வேலையை நிறுத்தினார்கள்; அவர்களைத் திரட்டியதில் காந்தியின் போராட்டத் தோழர் தம்பி நாயுடுவுக்குப் பெரிய பங்கு. நவம்பர் 6 அன்று காந்தியோடு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சார்ல்ஸ்டவுனிலிருந்து நேட்டால் எல்லை தாண்டி, டிரான்ஸ்வாலில் இருந்த வோல்க்ஸ்ரஸ்ட்டுக்குள் நடந்தார்கள். அந்த நடையை நாம் விழா எடுத்துக் கொண்டாடுகிறோம். அவர்கள் தோண்டிய குழி என்ன ஆயிற்று என்று எந்த மேடையிலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

வோல்க்ஸ்ரஸ்ட்டிலிருந்தே புமலாங்கா மாகாணம். எஸ்காமின் அனல்மின் நிலையங்களில் பெரும்பாலானவை இந்த ஒரே மாகாணத்தில்தான் இருக்கின்றன. சாலையில் நிலக்கரி லாரிகள் வரிசையாகப் போகின்றன. தார் பிளந்து கிடக்கிறது. இருபுறமும் சோளக்கொல்லை, நடுவே திடீரென்று ஒரு சாம்பல் நிற மலை, அப்புறம் மறுபடி சோளம். இந்த அடுக்குதான் முக்கியம். தென்னாப்பிரிக்கா பெரும்பாலும் வறண்ட நாடு. நன்றாக விளையக்கூடிய மண் கொஞ்சம்தான், அதில் கிட்டத்தட்டப் பாதி புமலாங்காவில் இருக்கிறது. அதற்கு அடியிலேயே நிலக்கரியும் இருக்கிறது. சோறா விளக்கா என்று இயற்கையே ஒரே இடத்தில் போட்டி வைத்துவிட்டது.

திறந்தவெளிச் சுரங்கம் என்றால் என்ன நடக்கிறது? முதலில் மேல்மண்ணை வழித்து ஒதுக்குவார்கள். பிறகு பாறையை வெடிவைத்து உடைத்து, ராட்சத இயந்திரத்தால் அள்ளி ஒருபக்கம் குவிப்பார்கள். அடியில் இருக்கும் நிலக்கரியை எடுத்த பின் பாறையைக் குழியில் தள்ளி, மேல்மண்ணைப் பரப்பி, புல் விதைப்பார்கள். நிலம் திரும்பி வந்துவிட்டதாகக் காகிதத்தில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் மேல்மண் பல நூற்றாண்டுகளாக உருவான அடுக்கு. அதற்குள் புழு, பூஞ்சை, வேர்த்துளை, நீர் இறங்கும் வழி எல்லாம் இருக்கின்றன. ஒருமுறை கலைத்துக் குவித்துவிட்டால், சாம்பார் ஊற்றிப் பிசைந்த சோற்றை மறுபடி சோறாகவும் சாம்பாராகவும் பிரித்து வை என்பது போலத்தான். மேலே கனரக வண்டிகள் ஓடி ஓடி மண் இறுகிவிடும். சோளம் விளைந்த இடத்தில் மாடு மேய்கிற புல் வந்தால் அதுவே பெரிய வெற்றி.

பழைய நிலத்தடிச் சுரங்கம் வேறு மாதிரி. அறை அறையாகக் குடைந்து, கூரையைத் தாங்க இடையிடையே நிலக்கரித் தூண்களை விட்டுவைப்பார்கள். கடைசியில் அந்தத் தூணையும் அரித்து எடுத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. தூண் நொறுங்கினால் மேலே நிலம் உள்வாங்கும். உள்ளே காற்று புகுந்தால் நிலக்கரி தானாகவே பற்றிக்கொள்ளும். எமலாலேனி ஊரை ஒட்டிய ஒரு கைவிடப்பட்ட சுரங்கம் பல பத்தாண்டுகள் பூமிக்கடியில் எரிந்துகொண்டிருந்தது. 2006 வரை விட்பாங்க் என்று இருந்த ஊர்தான் எமலாலேனி. பெயருக்கே 'நிலக்கரி உள்ள இடம்' என்று பொருள்.

குழியும் மேடும் கண்ணுக்குத் தெரிகிற சேதம். எனக்கு அதைவிடக் கவலை தருவது தண்ணீர்தான், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நிலக்கரியோடும் அதை ஒட்டிய பாறையோடும் பைரைட் என்ற கனிமம் கலந்திருக்கும். பொன்னிறமாக மினுங்கும், உள்ளே இருப்பது இரும்பும் கந்தகமும். பூமிக்குள் மூடிக் கிடக்கும்வரை அது யாரையும் தொந்தரவு செய்யாது. பாறையை உடைத்துக் காற்றும் தண்ணீரும் படவிட்டால் கந்தகம் கந்தக அமிலமாகிறது, இரும்பு கரைந்து வெளியே வருகிறது. அந்த அமிலம் பாறையிலுள்ள அலுமினியம், மாங்கனீஸ் போன்றவற்றையும் கரைத்துக்கொண்டு வரும். இதைச் சுரங்க அமிலநீர் என்கிறார்கள். இரும்பு துருவாகப் படிவதால் ஓடையின் கல்லெல்லாம் மஞ்சளும் ஆரஞ்சுமாக மாறிவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ மஞ்சள் கரைத்து ஊற்றியது போல இருக்கும். மீனும் தவளையும் அங்கே இருக்காது.

சுரங்கம் நடக்கும்போது உள்ளே ஊறும் நீரை இறைத்துக்கொண்டே இருப்பார்கள். மூடியதும் இறைப்பு நிற்கும், குழி மெல்ல நிரம்பும், பல வருடம் கழித்து ஒருநாள் தாழ்வான இடம் பார்த்து வழியத் தொடங்கும். அதற்குள் நிலக்கரியை விற்ற கம்பெனி இருக்காது. அதில் எரிந்த விளக்கின் கீழ் படித்த பிள்ளைக்குப் பேரப்பிள்ளை இருக்கும்.

எர்மெலோவுக்கு வடக்கே கரோலினா என்று ஒரு சின்ன ஊர். 2012 ஜனவரியில் பலத்த மழைக்குப் பிறகு சுற்றுவட்டாரச் சுரங்கங்களின் அமிலநீர் ஊருக்குக் குடிநீர் தரும் அணையில் கலந்துவிட்டது. குழாயைத் திறந்தால் குடிக்க முடியாத தண்ணீர். மாதக்கணக்கில் லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்தார்கள். ஜூலையில் நீதிமன்றம் தலையிட்டுத்தான் தண்ணீர் கொடுக்கச் சொல்லி உத்தரவிட வேண்டியிருந்தது. அந்த ஆறு மாதமும் டர்பனில் எங்கள் கீசர் வழக்கம்போலச் சூடாகிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போது கரோலினா என்ற பெயரே தெரியாது.

சுத்தம் செய்ய வழி இல்லாமல் இல்லை. எமலாலேனியில் 2007-இலிருந்து ஒரு சுத்திகரிப்பு ஆலை சுரங்க நீரைக் குடிநீராக்கி ஊருக்குக் கொடுக்கிறது. நல்ல வேலைதான். ஆனால் அமிலம் ஊறுவது நிற்காத வரை ஆலையும் நிற்கக் கூடாது. வட்டி மட்டுமே கட்டிக்கொண்டிருக்கும் கடன் போல, அசல் அப்படியே கிடக்கும்.

இதைக் கட்ட வேண்டியவர் யார்? தோண்டியவர்தான், அதில் சட்டத்துக்குச் சந்தேகமில்லை. நிலத்தைச் சீர்செய்யும் பணத்தைச் சுரங்கக்காரர் முன்கூட்டியே ஒதுக்கிவைக்க வேண்டும். அப்படியும் இந்த நாட்டில் உரிமையாளர் இல்லாமல் கைவிடப்பட்ட சுரங்கங்கள் ஏறக்குறைய 6,000. சட்டம் வருவதற்கு முந்தைய காலத்தவை நிறைய. மற்றவற்றில் வழக்கமான ஒரு கதை உண்டு: நிலக்கரி தீரும் தறுவாயில் பெரிய கம்பெனி சுரங்கத்தைச் சின்னக் கம்பெனிக்கு விற்கும், சின்னது திவாலாகும், குழி அரசாங்கத்தின் தலையில் விழும். நான் கட்டிய யூனிட் விலையில் இந்தச் செலவு முழுதாக இருந்ததா? இல்லை. இருந்திருந்தால் யூனிட் விலை கூடியிருக்கும். ஆயா கேட்ட பாக்கி இதுதான்.

இனி என் பங்கு. இங்கேதான் பெரும்பாலோர் குழம்புகிறார்கள், நானும் குழம்பினேன். ஒரு பக்கம், 'நான் ஒருத்தி கீசரை அணைத்தால் ஒரு சுரங்கம் மூடுமா' என்ற எண்ணம். மூடாது, உண்மைதான். இன்னொரு பக்கம், எல்லாமே என் தப்பு என்று ஒவ்வொரு சுவிட்சுக்கும் குமைவது. தனிமனிதரின் கரிமத் தடத்தை, அதாவது ஒருவர் வாழ்வதால் காற்றில் கலக்கும் கரியமில வாயுவின் அளவை, கணக்கிடுங்கள் என்று 2000-களின் நடுவில் பெரிய விளம்பரம் செய்து அந்தச் சொல்லைப் பரப்பியது பி.பி. எண்ணெய் நிறுவனம் என்பதைப் படித்த அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. எண்ணெய் விற்பவர் வாங்குபவரைப் பார்த்து 'எவ்வளவு வாங்கினாய், யோசித்துப் பார்' என்கிறார். அதற்காகத் தடத்தைக் கணக்கிடுவதே வீண் என்று சொல்ல மாட்டேன். இந்தக் கட்டுரையையே நான் கீசர் கணக்கில்தானே தொடங்கினேன்.

குற்ற உணர்வு என்று வைத்தால் ஒன்று மூழ்கிப்போவோம், இல்லையென்றால் கண்ணை மூடிக்கொள்வோம். கடன் என்று வைத்தால் வேறு கேள்விகள் வரும்: எவ்வளவு, யாரிடம், இதில் கூட்டுக் கடன் எது, என் தனிக் கடன் எது? நான் விரயம் செய்வது என் தனிக் கடன். கீசருக்குப் போர்வை சுற்றாவிட்டால் யாரும் குளிக்காமலே நாளுக்கு இரண்டு யூனிட் அளவு வெறுமனே ஆறிப்போகும்; ஒரு கிலோ நிலக்கரி, யாருக்கும் பயனில்லாமல். இதைச் சரிசெய்ய எனக்கு யார் அனுமதியும் தேவையில்லை. ஆனால் நாடு எதில் மின்சாரம் எடுக்கிறது என்பது கூட்டுக் கடன். அதை வீட்டுக்குள்ளிருந்து அடைக்க முடியாது.

கூட்டுக் கடனில் கணக்கு நேராக வராது. அந்தக் கல்யாண வீட்டில் எங்களுக்கு உட்கார வைத்துச் சோறு போட்டவரே சுரங்கத்தில் வேலை செய்பவர். என் கணவருக்குத் தம்பி முறை. நான் மஞ்சள் ஓடையைப் பற்றிக் கேட்டதும், பாதி ஆங்கிலத்தில், சிரித்துக்கொண்டே சொன்னார்: "அண்ணி, நீங்க டர்பன்ல ஹீட்டர் போட்டாத்தான் எனக்கு இங்க சம்பளம்." நாட்டில் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்பவர்கள் சுமார் 90,000 பேர். கோமாட்டி என்ற அனல்மின் நிலையத்தை 2022 அக்டோபரில் மூடினார்கள். மாற்று வேலை சொன்ன வேகத்தில் வரவில்லை என்ற குமுறல் அந்த ஊரில் இன்னும் இருக்கிறது. நிலத்துக்குப் பட்ட கடனை இவர்களுடைய சம்பளத்திலிருந்து கழிப்பது அறமாக எனக்குப் படவில்லை. கேட்டால், என் கணவரின் தம்பிக்கும் அந்தக் காற்று பிடிக்கவில்லைதான். அவர் மகனுக்கு இன்ஹேலர் இல்லாமல் குளிர்காலம் போவதில்லை.

விளக்கின் அடியில்தான் இருட்டு என்பார்கள். மின்நிலையப் புகைக்கு நேர் கீழே வாழும் குடியிருப்புகளில் இன்றும் கரி அடுப்பில் சமைக்கிற வீடுகள் இருக்கின்றன. தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 24-ஆவது பிரிவு, உடலுக்கும் நலத்துக்கும் கேடு செய்யாத சூழல் ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு மக்கள் அமைப்புகள் வழக்குப் போட்டன. 2022 மார்ச்சில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம், அந்தப் பகுதியின் மாசுபட்ட காற்று இந்த உரிமையை மீறுகிறது என்று தீர்ப்பளித்தது. எல்லோருக்கும் நீதிமன்றம் வரை போகக் கொடுத்துவைக்கவில்லை. எங்கள் குவாசுலு-நேட்டால் மாகாணத்திலேயே, சோம்கேலேயில் நிலக்கரிச் சுரங்க விரிவாக்கத்தை எதிர்த்துப் பேசிய ஃபிகிலே ந்ட்ஷாங்காசே என்ற பெண்மணியை 2020 அக்டோபர் 22 அன்று அவர் வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். எங்கள் வீட்டிலிருந்து சில மணி நேரக் கார்ப் பயணம்.

அதே கடற்கரையில் ரிச்சர்ட்ஸ் பே. 1976-இலிருந்து அங்கே நிலக்கரி ஏற்றுமதி முனையம் இயங்குகிறது. வாங்குகிற நாடுகளில் இந்தியாவுக்கு முக்கிய இடம். என் அம்மா வீட்டு மின்விசிறியும் புமலாங்கா கரியில் சுற்றுகிறதோ என்னவோ.

சூரிய மின்சாரம் வந்துவிட்டால் கடன் தீருமா என்று கேட்பார்கள். 2023-இல் முந்நூறு நாளுக்கு மேல் மின்வெட்டு; லோட் ஷெடிங் என்ற சொல் ஆயாவுக்கே அத்துப்படி. அந்த வருடம் எங்கள் தெருவில் வசதியுள்ளவர்கள் கூரையில் தகடு பதித்தார்கள். சூழல் அறம் எல்லாம் இல்லை, இருட்டில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். தகடுக்கும் பேட்டரிக்கும் கனிமம் வேண்டும், அதையும் எங்கேயோ தோண்டுகிறார்கள். வசதியுள்ளவர்கள் விலகிக்கொண்டால், மின்கம்பிகளைப் பராமரிக்கும் செலவு, விலக முடியாத ஏழை வீடுகளின் யூனிட் விலையில் ஏறும் என்ற சிக்கலும் உண்டு. இருந்தாலும் ஒரு வித்தியாசத்தை நான் பெரிதாக நினைக்கிறேன். தகடை ஒருமுறை செய்தால் இருபது வருடத்துக்கு மேல் ஓடும். நிலக்கரியை இன்றைய விளக்குக்கு இன்று, நாளைய விளக்குக்கு நாளை என்று புதிது புதிதாகத் தோண்ட வேண்டும். அது தினமும் புதுக் கடன்.

கல்யாணம் முடிந்து திரும்பும் வழியில், எர்மெலோ தாண்டி ஒரு வேலியில் மஞ்சள் பலகை கட்டியிருந்தது. புதிய சுரங்கத்துக்கான சூழல் தாக்க ஆய்வு அறிவிப்பு. இந்த நாட்டுச் சட்டப்படி இப்படி ஒரு திட்டத்தில் அக்கறை உள்ள எவரும் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். அறிக்கையின் வரைவைக் குறைந்தது 30 நாள் பொதுப்பார்வைக்கு வைத்து, வருகிற கருத்துகளுக்குப் பதில் எழுத வேண்டும். நான் காரை நிறுத்தச் சொல்லிப் படம் எடுத்தேன். "உங்க ஊரா இது?" என்றார் கணவர். நம் கீசரின் ஊர் என்றேன்.

வீடு வந்ததும் பெயரைப் பதிவு செய்தேன். வெகுநாள் ஒன்றும் வரவில்லை, நானும் மறந்துவிட்டேன். இந்த மாதம் அறிக்கை மின்னஞ்சலில் வந்தது. நானூறு பக்கத்துக்கு மேல். நிலத்தடி நீர் பற்றிய அத்தியாயத்தில், சுரங்கம் மூடிய பிறகு எந்த வருடத்தில் எந்த இடத்தில் நீர் வழியத் தொடங்கும் என்று ஒரு அட்டவணை இருக்கிறது. அதை யார் இறைப்பார்கள், எத்தனை வருடம் என்பதற்கான பத்தியை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் என் கருத்தை எழுதி அனுப்ப வேண்டும். ஆங்கிலத்தைச் சரிபார்க்க மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், லைட் போட்டுக்கொண்டு.